ஆடியில் பிடித்த லட்டு

கும்மிடிப்பூண்டி
5-8-77

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சந்திரகலா எழுதுவது. நான், பவானி, அவர் மூன்று பேரும் சுகம். அங்கே நீ, அண்ணி, மாடு கன்று எல்லாம் எப்படி? உன் முழங்கால் வலி இப்போது தேவலையா?

நம் கனகாவின் கல்யாணத்துக்கு வந்து திரும்பியதிலிருந்து எழுத நினைத்து எழுத நினைத்துத் தள்ளிப்போய்விட்டது. கடையில் வேலை அப்படி. நீ நம்பமாட்டாய் அண்ணா, எங்கள் கடைக்கு மட்டும் தீபாவளி வந்துவிட்டது! போன வெள்ளிக்கிழமை அவர் ஒரு பெரிய பலகை மாட்டினார். 'தீபாவளி ஸ்பெஷல் லட்டு, ஜாங்கிரி, மைசூர்பாகு தயார்' என்று சிவப்பு எழுத்தில். பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலையும் மஞ்சள் துணியுமாகப் போகிற ஜனம் நின்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறது. நேற்று ஒரு கிழவர் கேட்டேவிட்டார்: "இன்னா தேசப்பா, ஆடிக்கூழே இன்னும் ஆறல, அதுக்குள்ள தீவாளியா?"

இவர் விடவில்லை. "சிரிக்கிறவன் சிரிக்கட்டும் பெருசு. எதுத்தாப்ல புதுசா ஒருத்தன் கடை போடறான். அவன் முழிச்சிக்கினு பாக்கறதுக்குள்ள நாம வித்து முடிச்சிடணும்" என்றார்.

அவர் சொல்வதும் சரிதான் போலிருக்கிறது. புதுசு புதுசாக ஆலை வருகிறது. வெளியூர் ஆட்கள் சம்பளத்தன்று ஊருக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் போகிறார்கள். ஓர் ஆலையில் தீபாவளிக்கு எல்லாத் தொழிலாளிக்கும் ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி தரப்போகிறார்களாம். அந்த ஆர்டரை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று அலைகிறார்.

கனகாவின் தலைதீபாவளிப் பலகாரம் முழுவதும் எங்கள் கடையிலிருந்துதானாம். "உங்க அண்ணி வாணலியத் தொடவே கூடாதுன்னு எழுது" என்கிறார், எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவர்தான் தபாலில் சேர்ப்பார். விலாசம் எழுதுவதும் அவரே. என் எழுத்தில் எழுதினால் செவ்வாப்பேட்டைக்குப் பதில் சீனாவுக்குப் போய்விடுமாம்.

அண்ணிக்கு என் அன்பு. பவானி மாமாவுக்கு ஒரு முத்தம் தரச் சொல்கிறாள்.

உன் தங்கை,
சந்திரா


செவ்வாப்பேட்டை
14-8-77

அன்புள்ள சந்திராவுக்கு, அண்ணன் பரசுராமன். உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நாற்று நடும்போது மட்டும் நினைவூட்டுகிறது.

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். வாணலியைத் தொடக்கூடாது என்றதும் கெங்கம்மாளுக்கு வாயெல்லாம் பல். நம் பெண் கனகாவின் மாமியார் வீட்டார் மணவாள நகரில் நாலு பேர் மெச்ச வாழ்கிறவர்கள். அவள் புருஷன் வரதன் தங்கமான பையன், அவன் அம்மாவுக்குத்தான் எல்லாம் பார்வையாக இருக்கவேண்டும். கடைப் பலகாரம், அதுவும் அத்தை வீட்டுக் கடைப் பலகாரம் என்றால் மதிப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தேசப்பன் மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆடியில் பிடித்த லட்டு ஐப்பசி வரைக்கும் நிற்குமா? அண்ணியின் லட்டு நாலாம் நாளே கல்லாகிவிடுகிறது. அதற்கு மருந்து ஏதாவது இருந்தால் எழுது.

பவானிக்கு மாமாவின் ஆசி. அவள் தந்த முத்தம் வந்து சேர்ந்தது.

உன் அண்ணன்,
பரசுராமன்


கும்மிடிப்பூண்டி
20-9-77

அன்புள்ள அண்ணனுக்கு, சந்திரா. நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க அம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, மன்னித்துவிடு.

ஆலை ஆர்டர் நமக்கே வந்துவிட்டது. அன்றைக்கு அவர் பவானியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுவதும் சுற்றினார். எதிர்க்கடைக்காரன் திறந்துவிட்டான், ஆனால் அவனிடம் ஈதான் உட்கார்ந்திருக்கிறது. நம்மிடம் சமையல் ஆள் இரண்டே பேர். கடைசியில் அவசரப்பட முடியாது என்று ஆவணியிலேயே பெட்டிக்கு வேண்டியதைப் போட ஆரம்பித்து, பின்னறையில் தகரடின்களில் அடுக்கிவிட்டார். ஆடியில் விற்காமல் நின்றதும் அங்கேதான் இருக்கிறது. இங்கே பதினைந்து நாளாக மழை விட்டபாடில்லை. பின்னறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது.

பவானிக்கு நடுவில் நாலு நாள் உடம்பு சரியில்லாமல் இருந்தது. வயிற்றுப்போக்கு. இப்போது ஒன்றுமில்லை, விளையாடுகிறாள். அவளைக் கடைப்பக்கம் விடுவதில்லை.

(இங்கே இரண்டு வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அண்ணிக்குச் சொல்லவும்.

சந்திரா


செவ்வாப்பேட்டை
27-9-77

அன்புள்ள தங்கைக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். உன் கடிதம் படித்ததிலிருந்து அண்ணிக்கும் எனக்கும் சோறு இறங்கவில்லை.

குழந்தைக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு என்றால் விளையாட்டா? அதை எழுதிய கையோடு 'அவளைக் கடைப்பக்கம் விடுவதில்லை' என்று எழுதியிருக்கிறாய். கடைக்கும் அவள் உடம்புக்கும் என்ன?

இன்னொன்றும் கேட்கவேண்டும். நீ எழுதியிருப்பது ஊதா மை. அந்த இரண்டு வரியை அடித்திருப்பது கறுப்பு மை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் ஓர் எழுத்துத் தெரியாதபடி குத்திக் குத்தி அடித்திருக்கிறது. நீ தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகிறவள் என்று எனக்குத் தெரியும். யார் அடித்தது சந்திரா?

உடனே எழுது. நான் ஒரு நடை வந்து போகட்டுமா?

உன் அண்ணன்,
பரசுராமன்


கும்மிடிப்பூண்டி
8-10-77

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்குத் தங்கை சந்திரகலா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம். தங்கள் நலத்துக்கு எழுதவும்.

தாங்கள் வீணாகக் கவலைப்பட வேண்டாம். மை தீர்ந்து போனதால் கடைப் பேனாவால் அடித்தேன். தற்சமயம் வேலை மிகுதி, தாங்கள் வந்தால் கவனிக்க இயலாது. தீபாவளிப் பலகாரம் ஐப்பசி முதல் நாள் லாரியில் வந்து சேரும். சம்பந்தி வீட்டுக்கு ஒரு டின், தங்களுக்கு ஒரு டின்.

பலகாரம் நம் அம்மா ஆடி அமாவாசைக்கு வைத்த பாயசம் போலவே இருக்கும். அந்தப் பாயசத்தை நாம் எப்படி எல்லோருக்கும் கொடுத்தோமோ அப்படியே இதையும் கொடுக்கவும்.

இங்ஙனம்,
சந்திரகலா


செவ்வாப்பேட்டை
19-10-77

அன்புள்ள சந்திராவுக்கு, அண்ணன். எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் காலை லாரிக்காரன் இரண்டு டின்னும் இறக்கிவிட்டுப் போனான். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை தெருவைத் தூக்கிவிட்டது. லட்டு என்ன மஞ்சள்! நெய்யில் மின்னுகிறது. அண்ணி ஒரு டின்னைச் சாயங்காலமே மணவாள நகரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சம்பந்தியம்மா முகம் மலர்ந்துவிட்டதாம். நம் டின்னை அண்ணி உறியில் வைத்துக் கட்டிவிட்டாள். தீபாவளியன்றுதான் திறப்பாளாம், என்னையே தொடவிடவில்லை.

என்னைத் 'தாங்கள்' என்று எழுதியிருந்தாய். படித்தபோது ஒரு மாதிரி இருந்தது. மரியாதை புதிதாக வந்துவிட்டதோ என்று அண்ணி கேலி செய்தாள். அம்மா வைத்த பாயசம் என்கிறாயே, அம்மா எத்தனையோ பாயசம் வைத்தாள். எது என்று எனக்கு நினைவு வரவில்லை.

மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். பவானிக்கு ஆசி.

பரசுராமன்


கும்மிடிப்பூண்டி
21-10-77

அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது முடியவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவள் சின்னப்பொண்ணு, அடுத்த வீட்டுக்காரி. மகளைப் பார்க்கத் திருநின்றவூர் வருகிறாள். உன் கையில் நேராகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் தபாலில் எழுதாதே. அவள் வீட்டுக்கு ஆள் மூலமாக அனுப்பு. என் கடிதம் எல்லாம் அவர் படித்துவிட்டுத்தான் போகிறது. நீ எழுதுவதையும் அவர்தான் முதலில் படிக்கிறார். மை பற்றி நீ எழுதியதையும் அவர்தான் படித்தார். போன கடிதம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. பாயசம் மட்டும் நான் சேர்த்தது.

அந்தப் பாயசத்தை மறந்துவிட்டாயா அண்ணா? பல்லி விழுந்து கிடந்ததை நீதானே முதலில் பார்த்தாய்? யாருக்கும் ஒரு கரண்டி கொடுக்காமல் அம்மா எருக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாளே. டின்களை அப்படிச் செய். இந்தக் கடிதம் வருவதற்குள் யாரும் தின்றிருக்கக்கூடாது. நான் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

பின்னறை டின்களில் ஆவணி மழைக்கே பூசணம் பூத்துவிட்டது. முதலில் துணியால் துடைத்தார். அப்புறம் எல்லாவற்றையும் உதிர்த்து, பழைய எண்ணெயில் வறுத்து, புதுப் பாகில் போட்டுத் திரும்பப் பிடித்தார். நாற்றம் தெரியாமலிருக்க எசென்ஸும், மஞ்சளாக இருக்கத் துணிக்குப் போடுகிற மாதிரி ஒரு பொடியும் சேர்க்கிறார். பவானி அதில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டாள். அன்று அவரும் பயந்துபோய் விடிய விடிய அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் ஏரில கொட்டிடறேன் சந்திரா" என்று அழுதார். குழந்தை எழுந்து உட்கார்ந்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

நீ பார்க்க முடியாத அந்த இரண்டு வரி இதுதான்: ஆலைக் கூலி ஆட்கள் குடியிருக்கும் லைனில் எல்லம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பெண்ணும் பவானியும் ஒரே வயது. உதிர்ந்த லட்டைச் சில்லறைக்கு விற்றார், அவள் வாங்கிக்கொண்டு போனாள். இரண்டாம் நாள் அந்தக் குழந்தை போய்விட்டது. காலரா என்று யாரோ வந்து எழுதிக்கொண்டு போனார்கள். காலராவாகவே இருக்கலாம் அண்ணா. எனக்குத் தெரியவில்லை. அவர் அந்தச் சாவு வீட்டு வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கும் தெரியும்.

நான் கேட்டேன். டின்னிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் கண்ணெதிரே தின்றார். "பாரு, துன்னுட்டேன். செத்தா பூட்டேன்? இன்னொரு வாட்டி வாயத் தொறந்தீன்னா அப்புறம் இருக்குது" என்றார். அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

சந்திரா


செவ்வாப்பேட்டை
25-10-77

சந்திரா,

சின்னப்பொண்ணு வந்தபோது நான் களத்தில் இருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டியபடியே ஸ்டேஷனுக்கு ஓடினேன். அண்ணி நம் டின்னை எருக்குழியில் கொட்டினாள்.

மணவாள நகரில் சம்பந்தி வீட்டு வாசலில் கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரதனின் அம்மா ஓடிவந்து, "வாங்க சம்பந்தி, உங்களுக்கு ஆள் அனுப்பலாம்னு இருந்தோம். கனகாவுக்குக் காலைலருந்து வாந்தி. ஒண்ணும் நிக்கல. நல்ல சேதிதான்!" என்றாள். கனகா முந்தின நாளே எடுத்துத் தின்றிருந்த, நாம் கொடுத்த டின்னிலிருந்துதான் அந்தச் சந்தோஷத்துக்குத் தெரு முழுவதற்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. "அதத் துன்னாதீங்க" என்று கத்தியிருக்கிறேன். அப்புறம் வீடு வீடாகப் போனேன். "இன்னாங்க இது, குடுத்த லட்டத் திருப்பிக் கேக்கறீங்க?" என்று ஒருத்தர் கேட்டார். "கெட்டுப் போச்சுங்க, குடுத்துடுங்க" என்றேன். ஒரு வீட்டில் ஒரு குழந்தை பாதி கடித்துவிட்டது. அதன் வாயில் விரலைவிட்டு எடுத்தேன். அதன் அம்மா என்னை அடிக்க வந்தாள். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கனகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. இரண்டாம் நாள் பெண் சுருண்டுபோய்க் கண்ணையே திறக்கவில்லை. வரதன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்று கஞ்சி குடித்தாள், இனிப் பயமில்லை என்கிறார்கள். தெருவில் இன்னும் மூன்று பேருக்கு வயிறு போயிற்று, எல்லோரும் தேறிவிட்டார்கள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுக் குழந்தை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாள். வெறும் வாந்திதான். அதைக் கேட்டதிலிருந்து சம்பந்தியம்மா என்னோடு பேசவில்லை. கனகா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீ பவானியைத் தூக்கிக்கொண்டு உடனே வந்துவிடு. இல்லாவிட்டால் அடுத்த வாரம் புதன்கிழமை நானே வருகிறேன். சுகாதார ஆபீசில் சொல்லு. அந்த ஆலைப் பெட்டிகள் எப்போது போகின்றன?

உன் அண்ணன்


கும்மிடிப்பூண்டி
30-10-77

அண்ணா,

கனகா கஞ்சி குடித்தாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இந்தக் கடிதத்தோடு பவானி வருகிறாள். சின்னப்பொண்ணு உன் வீட்டில் கொண்டுவந்து விடுவாள். மாமா வீட்டுக்குப் போய்ப் பட்டாசு வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். நைனா எங்கே என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். இரவில் அவளுக்கு விளக்கு எரிய வேண்டும்.

சுகாதார ஆபீசுக்குச் சின்னப்பொண்ணு மூலம் சொல்லி அனுப்பினேன். ஒருவர் வந்தார். முன்பக்கம் உட்கார்ந்து காபி குடித்தார், அரைக்கிலோ பொட்டலத்தோடு போனார். அவர் போனதும் இவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நீ வராதே. உன்னைப் பார்த்தால் பெட்டிகளை வேறெங்காவது மாற்றிவிடுவார். கட்டி முடித்தாகிவிட்டது. பின்னறை முழுக்கப் பெட்டிதான், மேலே ஆலையின் பெயர் அச்சடித்த சிவப்புக் காகிதம். நாளைக்கு மத்தியானம் லாரி வரும். அத்தனை வீட்டிலும் தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் குழந்தைகள் முதலில் அதைத்தான் பிரிக்கும்.

நான் இன்றே வந்துவிடலாம். வந்தால் பெட்டிகள் போய்விடும். ஏரியில் கொட்ட எனக்குப் பலமில்லை, வெளியே சொன்னால் கேட்க ஆளில்லை. வாயில் வைக்க முடியாதபடி செய்துவிட்டால் போதும் இல்லையா? ரேஷன் மண்ணெண்ணெய் இரண்டு டின் இருக்கிறது. அவர் சாப்பிட உட்காரும்போது பின்னறையில் ஊற்றிவிடுவேன்.

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து சரியாக இல்லை. பவானியைப் பார்த்துக்கொள் அண்ணா. நீயும் அண்ணியும் சுகமாயிருங்கள்.

சந்திரா


செவ்வாப்பேட்டை
3-11-77

மாப்பிள்ளை தேசப்பனுக்குப் பரசுராமன் எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சந்திரா இங்கே இருக்கிறாள். திங்கட்கிழமை இருட்டும் நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாள். காலில் செருப்பில்லை. புடவை மண்ணெண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. வண்டியில் ஒருவரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லையாம். வாசலில் நின்று "முடிஞ்சிடுச்சிண்ணா, ஒண்ணும் போகல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை என்ன நடந்தது என்று வாயைத் திறக்கவில்லை.

அவள் உடம்பில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை என்று என் மனைவி சொல்கிறாள். ஆனால் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் அவள் சமையலறையில் நிற்பதில்லை. நேற்றுச் சாமி விளக்கேற்ற நான் குச்சி கிழித்தேன். கிணற்றடிவரை ஓடிப்போய் நின்றாள். ஏன் என்று கேட்டால் அழுகிறாள்.

என் பெண் பிழைத்துவிட்டாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சந்திராவுக்கு அங்கே என்ன நேர்ந்தது? அதை மட்டும் எனக்குத் தெரிவிக்கவும். நான் கூப்பிடாமல் இங்கே வரவேண்டாம்.

பரசுராமன்


கும்மிடிப்பூண்டி
14-11-77

மைத்துனர் பரசுராமன் அவர்களுக்குத் தேசப்பன் வணக்கம். இவ்விடம் நான் சுகம். தாங்கள், சகோதரி, என் மனைவி, குழந்தை யாவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் மகளுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். உடம்பு எல்லோருக்கும் வருவதுதான்.

தங்கள் தங்கையை நான் ஒன்றும் செய்யவில்லை. கை ஓங்கக்கூட இல்லை. இதைக் கடவுள் சாட்சியாக எழுதுகிறேன். அவளையே கேட்டுப் பாருங்கள். பெண்பிள்ளை பயத்தில் ஏதோ செய்துவிட்டாள், அதை நான் மன்னித்துவிட்டேன்.

பெட்டிகளை எல்லாம் ஏரிக்கரையில் குழிவெட்டிப் புதைத்தாகிவிட்டது. ஆலைக்காரர்கள் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டார்கள். தீபாவளியன்று நான் கடையைத் திறக்கவில்லை, வீட்டில் தனியாக இருந்தேன். பலகையை இறக்கிவிட்டேன். 'ஊட்டுக்காரம்மா எங்கே' என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. பொங்கலுக்கு எள்ளுருண்டையும் பொரியுருண்டையும் இப்போதே பிடித்து வைத்தால் விட்டதை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். அதற்கு வீட்டில் ஆள் வேண்டும். கார்த்திகை தீபத்துக்குள் இருவரையும் அனுப்பிவைக்கவும். பவானியின் சிலேட் இங்கேயே இருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
தேசப்பன்


செவ்வாப்பேட்டை
24-11-77

உங்களுக்குச் சந்திரகலா எழுதுவது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு காகிதம் கிழித்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பவானி சுகம். உங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கனகா எழுந்து நடமாடுகிறாள். நேற்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அண்ணனுக்கு நீங்கள் எழுதியதை நானே படித்தேன். அவர் என் கடிதத்தைப் பிரிப்பதில்லை. இதையும் பிரிக்கமாட்டார். நானே தபாலாபீஸ்வரை நடந்துபோய்ப் போடுவேன்.

கையோங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. சத்தமும் போடவில்லை. நீங்கள் பின்னறைக்கு வந்தபோது நான் இரண்டாவது டின்னை ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அதைத் தூக்க முடியவில்லை, பாதி என் மேலேயே கொட்டிவிட்டது. "நீதானா?" என்று மட்டும் கேட்டீர்கள். பெட்டிகளைப் பார்த்தீர்கள். என் புடவையைப் பார்த்தீர்கள். பிறகு திரும்பிப்போய்க் கதவை உள்ளே தாழ் போட்டீர்கள்.

சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்தது தீப்பெட்டி. அதை எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பவானியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது உங்களுக்குக் கேட்டதா என்றும் தெரியாது. லாரிக்காரர் வந்து, "தேசப்பண்ணே, சரக்கு ஏத்தலாமா?" என்று கதவைத் தட்டவில்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? நீங்கள் விழித்துக்கொண்டது போல் அதைப் பையில் போட்டுவிட்டுத் தாழை எடுத்தீர்கள். நான் உங்களை உரசிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பெட்டிகளைக் கொளுத்தத்தான் எடுத்தீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்படி நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் பெட்டிகளைக் கொளுத்துவது என்றால் என்னை வெளியே போகச் சொல்லியிருப்பீர்களே. கதவை எதற்குத் தாழ் போட்டீர்கள்? நீங்களும் உள்ளேதானே இருந்தீர்கள்? எனக்கு உங்களை நினைத்தாலும் பயமாக இருக்கிறது, உங்களுக்காகவும் பயமாக இருக்கிறது.

அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உங்களை உயிரோடு விடமாட்டார்.

பொங்கல் பலகாரத்தைத் தொடாதீர்கள். எல்லம்மா வீட்டுக்குப் போங்கள். புளியமரத்தடியில் நிற்காமல் உள்ளே போய், அவள் குழந்தை எதைத் தின்றது என்று அவளிடம் சொல்லுங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள். என்னைக் கூப்பிட்டு எழுத வேண்டாம். அந்தக் கதவை ஏன் தாழ் போட்டீர்கள் என்பதை மட்டும், உங்களுக்கே தெரிந்திருந்தால், உங்கள் கைப்பட எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சந்திரகலா